நாலு உருண்டையில் ஒன்று

நேற்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து மிளகைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். எதிரே இருக்கிற வேகத்தடையில் ஒரு கார் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறி இறங்கி நின்றது. கர்ர்ரென்று ஒரு சத்தம், பல் கூசிப்போயிற்று. பக்கத்தில் சோளக்கதிர் சுடுகிற அம்மா சிரித்துவிட்டார். வண்டி அவ்வளவு தாழ்வு. அடியில் ஒரு செருப்பு போனால் எடுக்க முடியாது. ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுகிறார்களே, அந்த ரகம். எல்லாரும் வண்டியின் பெயிண்டையும் பாட்டுச் சத்தத்தையும் வேடிக்கை பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பொட்டலத்தைப் போட்டுவிட்டு நடுரோட்டில் மண்டியிட்டு, முன்பக்கம் இடது சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்போது கடையை விட்டு இறங்கினேன் என்றே தெரியவில்லை. ஓட்டி வந்த பையன் கண்ணாடியை இறக்கி, ஏதாவது விழுந்துவிட்டதா அங்கிள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். இல்லை தம்பி, போ என்றேன். டயர் எங்கேயோ உரசிச் சூடாகிற வாசனை மட்டும் அங்கேயே நின்றது. திரும்பி வந்து மிளகை அள்ளினால் பாதி கீழே கொட்டுகிறது. சோளக்கதிர் அம்மா, சர்க்கரை கிர்க்கரை இருந்தால் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

உங்களுக்கு என்னை மிளகுக் கடைக்காரனாகத்தான் தெரியும். காபித்தூள், தைலம், தேன் என்று டூரிஸ்ட்காரர்களுக்கு விற்றுப் பிழைக்கிறவன். அதற்கு முன்னால் இதே ஏற்காட்டில் நான் ஒரு மெக்கானிக். நல்ல மெக்கானிக்கா என்று கேட்காதீர்கள், அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணப் பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்க வேண்டிய காரை, தாராளமாகப் போங்கள் என்று அனுப்பி வைத்தவன் நான். வேறு யாரும் இல்லை, நான்தான்.

அப்போது ஒண்டிக்கடை என்கிற இடத்தைத் தாண்டிச் சின்னதாக ஒரு தகர ஷெட் வைத்திருந்தோம், நானும் பிரகாசமும். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. நான் சேலத்திலிருந்து வேலை தேடி மேலே ஏறி வந்தவன். அவன் இங்கேயே பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் காபிப்பழம் பறித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வராமல் ஸ்பானரைத் தொட மாட்டான். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். இன்ஜின் என்னுடையது. வண்டிக்கு அடியில் இருக்கிற அத்தனையும், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக், எல்லாம் அவனுடையது. எனக்குச் சாக்கை விரித்து மல்லாக்கப் படுக்கப் பிடிக்காது, அதுதான் காரணம். ஏற்காட்டுத் தரையின் ஈரம் முதுகில் ஏறினால் மூன்று நாளைக்குத் தும்மல்.

காரை இறக்கி ஓட்டுகிற கிறுக்கு அப்போதுதான் மலைக்கு வந்து சேர்ந்திருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையன்கள் லீவுக்கு வரும்போது அப்படி வருவார்கள். அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். சமவெளியில் ஒன்றும் பெரிய தப்பில்லை. சக்கரம் மேடு பள்ளத்தில் மேலே ஏறி இறங்க ஓர் இடம் வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டினால் அந்த இடம் குறைந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் நம் மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை முழுசாகச் சுற்றியாக வேண்டும், இறங்கும்போது வண்டியின் பாரம் மொத்தமும் முன்சக்கரத்துக்கு வந்துவிடும். திரும்பின சக்கரம் மேலே ஏறினால் உள்ளே எதை இடிக்கும், எதை உரசும் என்பது, நின்ற இடத்தில் பார்த்தால் தெரியாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓடும்போது அடியில் படுத்துப் பார்க்க யாராலும் முடியாதே.

இதற்குப் பிரகாசம் ஒரு வழி வைத்திருந்தான். ஷெட்டுக்குப் பக்கத்திலேயே பரோட்டாக் கடை. காலையிலேயே மாஸ்டர் மாவு பிசைந்து எண்ணெய் தடவி உருட்டி வைப்பார். அதில் ஒன்றை வாங்கி வந்து நெல்லிக்காய் அளவுக்கு நாலாகக் கிள்ளி உருட்டுவான். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு: ஒன்று டயருக்கு மேலே மட்கார்டின் உள்பக்கம், இன்னொன்று பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸை ஒட்டி. அப்புறம் வண்டியில் நாலு மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று வளைவு இறங்கி ஏறி வருவது. வந்து படுத்துப் பார்த்தால் உருண்டையே எல்லாம் சொல்லிவிடும். உருண்டையாகவே இருந்தால் இடம் தாராளம். தட்டையாகியிருந்தால் ஜாக்கிரதை. தோசையாகிவிட்டிருந்தால் வண்டியை வெளியே விடக் கூடாது. மணல் மூட்டைகளுக்கு நான் பெயரெல்லாம் வைத்திருந்தேன். பெரிய மூட்டை பெரியத்தை, கிழிந்த மூட்டை சித்தப்பா. வாடிக்கைக்காரர் முன்னால் கூப்பிட்டுத் தொலைக்காதே என்பான் பிரகாசம்.

ஒரே ஒரு தொல்லை, குரங்கு. மலைப்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்க முடியாது. கண்ணாடி இறங்கியிருந்தால் உள்ளே கை விடும். மட்கார்டுக்குள்ளும் கை விடும் என்பதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம். இரண்டு தடவை மாவு மொத்தத்தையும் வழித்துத் தின்றுவிட்டு, பானட் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்து வாயையும் துடைத்துக்கொண்டது. அதிலிருந்து பிரகாசம் ஓட்டிப் பார்க்கப் போனால் வழியில் நிறுத்தவே மாட்டான். மூத்திரம் முட்டினாலும் ஷெட்டுக்கு வந்துதான்.

எங்கள் ஷெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், எஸ்டேட்டில் கணக்கு எழுதின ஒரு ரைட்டரின் வீடு. ரைட்டர் இறந்துவிட்டார். அம்மா, மகன் ஸ்டீபன், மகள் மேரி. மேரிக்குச் சேலத்தில் ஒரு சர்ச்சில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஸ்டீபன் பெங்களூரிலிருந்து ஒரு சிவப்புக் காரோடு வந்து இறங்கினான். பழைய வண்டிதான், ஆனால் பளபளவென்று, தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத குறைக்குத் தங்கையைத் தன் காரிலேயே உட்காரவைத்துச் சர்ச் வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நியாயமான ஆசைதானே? பிரகாசம் காரைச் சுற்றி வந்துவிட்டு, ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் பெண்ணை இதில் ஏற்றாதே என்று ஸ்டீபனிடம் சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தானே பார்த்துத் தருவதாகவும் சொன்னான்.

அந்த முதல் நாள் காலையில், இதே மலையில் இருக்கிற மாரமங்கலத்திலிருந்து பிரகாசத்தின் அக்காவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. அவன் பஸ் ஏறிவிட்டான். போகும்போது நாலு உருண்டையையும் அவனே வைத்துவிட்டு, ஓட்டிப் பார்த்துவிடு, வழியில் நிறுத்தாதே என்று சொல்லிவிட்டுப் போனான். சரிடா சரிடா என்றேன். நான் எத்தனை சரிடா சொன்னேனோ அத்தனை தூரம் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். என் குணம் அது.

சாயங்காலம் பெரியத்தை, சித்தப்பா முதலான நாலு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தூறல். இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று மூன்று வளைவு இறங்கித் திருப்பிக்கொண்டு ஏறினேன். வண்டி நன்றாகத்தான் போயிற்று. ஒரு வளைவில் மட்டும் இடது பக்கம் லேசாக ஒரு ‘சர்ர்’. ஈர ரோட்டில் டயர் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். மேலே வந்ததும் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி போடுகிற வாசனை. வண்டி தானாக நின்றுவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான்தான் நிறுத்தினேன். பஜ்ஜி தின்று முடித்துத் திரும்பினால் வண்டியைச் சுற்றி நாலைந்து குரங்கு. விரட்டிவிட்டு வந்தேன்.

நேரே ரைட்டர் வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். உள்ளே கல்யாணத்துக்கு முந்தின நாள் ஜெபம், சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிக் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டீபனும் உள்ளேதான் இருந்தான். நான் சாக்கைக்கூட விரிக்காமல் குந்தி உட்கார்ந்து, டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டு உருண்டையும் அப்படியே. இடது பக்கம் மேலே இருந்தது அப்படியே. ஹோஸை ஒட்டி இருந்ததைக் காணோம். அந்த இடத்தில் சேறு அப்பியிருந்தது. ஒரு துணியை எடுத்துத் துடைத்திருந்தால் போதும். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் துணியைப் பற்றித்தான் நினைக்கிறேன். என் தோளிலேயே ஒரு துணி கிடந்தது.

கார் சத்தம் கேட்டு மேரி மட்டும் வாசலுக்கு வந்தாள். கையில் மருதாணி, விரலை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னங்கண்ணா ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை அம்மணி, வைத்த மாவில் ஒன்றைக் குரங்கு தின்றுவிட்டது என்றேன். சிரித்தாள். “காலைல இதுல போலாமுங்களாண்ணா?” என்றாள். “தாராளமா போலாம் அம்மணி,” என்றேன். சாவியை மருதாணி படாமல் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணி வாக்கில் அந்த வீட்டிலிருந்து கார்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது. சொந்தக்காரர்கள் வேனில் முன்னாடியே போய்விட்டார்கள். சிவப்புக் கார் கடைசியாகப் போயிற்று. நான் ஷெட் வாசலில் பல் விளக்கிக்கொண்டே கையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் பிரகாசம் மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நல்ல முகத்தோடு வந்தான். எனக்கும் குஷி. அவனைச் சிரிக்கவைக்க வேண்டுமென்று குரங்குக் கதையை எடுத்துவிட்டேன். பஜ்ஜியை மறைத்துத்தான் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. எந்த உருண்டை என்று கேட்டான். இடது பக்கம் ஹோஸ்கிட்ட இருந்தது என்றேன். மீதி மூன்றும்? அப்படியே இருக்கிறது என்றேன். அவன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

“நாலுல ஒண்ணத் தின்னுபோட்டு மூணை உட்டுட்டுப் போற கொரங்கை நீ பாத்திருக்கியாடா?”

வாயில் பல்பொடி. துப்பக்கூடத் தோன்றவில்லை. மாவைக் குரங்கு தின்னவில்லை, டயர் தின்றிருக்கிறது. சக்கரம் திரும்பி மேலே ஏறும்போது நேராக ஹோஸில் போய் உரசியிருக்கிறது. நான் கேட்ட அந்தச் சர்ர் அதுதான். ஒவ்வொரு வளைவிலும் அது ஹோஸைத் தேய்க்கும். தேய்ந்து அறுந்தால் பிரேக் இல்லை. இருபது வளைவு, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. அதற்குள் மேரி, அவள் அம்மா, ஸ்டீபன்.

போனை எடுத்து ஸ்டீபனுக்கு அடித்தேன். யாரோ ஒரு பெரியம்மா எடுத்து, அவன் போனை ஊட்லயே வெச்சுட்டுப் போயிட்டானுங்க சாமி என்றார். பிரகாசம் அதற்குள் ஷெட்டுக்குள் ஓடி ஒரு புது ஹோஸைத் தேடிக்கொண்டிருந்தான். நீ போ, நான் பின்னாடி பஸ்ஸில் சாமானோடு வருகிறேன் என்றான். நான் பைக்கை உதைத்தேன். செருப்பு போட்டிருந்தேனா என்று ஞாபகம் இல்லை.

அந்த இறக்கத்தை எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வளைவு எண் எழுதின பலகைகள் மட்டும் ஞாபகம் இருக்கிறது. இருபது, ஆள் இல்லை. பதினெட்டு, இல்லை. ஒவ்வொரு வளைவிலும் முதலில் தடுப்புச் சுவரைப் பார்த்தேன், உடைந்திருக்கிறதா என்று. அப்புறம்தான் ரோட்டைப் பார்த்தேன். பதினாலில் சுவர் பக்கம் நாலு பேர் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போனால் போட்டோ எடுக்கிறார்கள்.

பதினொன்றுக்கும் பத்துக்கும் நடுவில் சிவப்பு தெரிந்தது. ஒரு லாரிக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த லாரிக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ, நல்லா இருக்கட்டும். பக்கத்தில் போய்க் கையைக் காட்டினேன், முன்னால் போய் பைக்கைக் குறுக்கே நிறுத்தினேன். ஸ்டீபன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்குள் மேரியின் முக்காடும் பூவும் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான் போலிருக்கிறது, என் பைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

ஸ்டீபன் இறங்கி, என்னங்க ஆச்சு, பிரேக்கு ரெண்டு வளைவா கொஞ்சம் உள்ள போவுதுங்க, சூட்டுல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க என்றான். நான் ரோட்டில் மல்லாக்கப் படுத்துவிட்டேன். தோள் துணியால் ஹோஸைத் துடைத்தேன். மேல் ரப்பர் சீவி எடுத்தது போலப் போய்விட்டிருந்தது. உள்ளே இருக்கிற வெள்ளை நூல் தெரிந்தது. நூலுக்கு நடுவில் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது. அப்படியே படுத்துக் கிடந்தேன். இன்னும் பத்து வளைவு பாக்கி.

பஸ் வந்தது. பிரகாசம் பையோடு குதித்து இறங்கினான். கண்டக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே பேச்சுதான் பேசினார்: “பொண்ண ஏத்துங்க, நேரமாவுது.” வெள்ளைப் புடவையும் முக்காடும் பூங்கொத்துமாக மேரி ஏறினாள். முன் சீட்டில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள், ஒருத்தர் தோள் துண்டால் சீட்டைத் துடைத்துக்கூட விட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டீபனுக்கு அப்போதுதான் என்ன நடந்திருக்கும் என்பது உறைத்தது. அந்த ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பி, பிரகாசத்தின் சட்டையைப் பிடித்தான்.

“ஏனுங்க பிரகாசம், உங்கள நம்பித்தானுங்க எங்க ஊட்டுப் பொண்ண ஏத்துனேன். இப்படியா பாத்து அனுப்புவீங்க?”

பிரகாசம் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நீ சொல்லு என்று பார்த்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது நான் என்று இரண்டு சொல், முடிந்துவிட்டிருக்கும். நான் கையில் ஒட்டின ஆயிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

பிரகாசம் சாக்கை விரித்துப் படுத்துப் புது ஹோஸைப் போட்டான். டயருக்கு எட்டாதபடி கம்பி கட்டி ஒதுக்கினான், சக்கரம் அந்த அளவுக்கு மேலே ஏறாமல் ரப்பர் கட்டை வைத்தான். அரை மணி நேரம். ஸ்டீபன் என்னைக் கட்டாயப்படுத்திக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நடந்ததைக் கேளுங்கள். விருந்தில் என்னை மேடையேற்றி மாலை போட்டுவிட்டார்கள். பாதிரியார் என் தலையில் கை வைத்து, கர்த்தர் தக்க சமயத்தில் அனுப்பின மனுஷன் என்று ஜெபம் செய்தார். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கூட்டம் ஆமென் சொல்கிறது. நான் ஆயில் கறை பட்ட வேட்டியோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா? பிரியாணி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பிரகாசம் ஷெட்டுக்கு வந்து தன் ஜாக்கியையும் ஸ்பானர் பையையும் எடுத்துக்கொண்டான். எங்கே போகிறாய் என்று கேட்டேன். வாசலில் நின்றான்.

“கொரங்கு மேல பழி போட்ட, போவுதுன்னு இருந்தேன். எம்மேலயும் போட்டுட்டியே,” என்றான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். பிரகாசம் பார்த்த வண்டி மலையில் பிரேக் போயிற்றாம் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. கொட்டச்சேட்டில் தனியாக ஒரு பட்டறை போட்டுப் பார்த்தான், ஒருத்தரும் வண்டி விடவில்லை. கீழே இறங்கிவிட்டான் என்றார்கள். ஓசூர் என்று ஒருத்தர் சொன்னார், லாரி ஓட்டுகிறான் என்று இன்னொருத்தர். எனக்கோ வேலை குவிந்தது. பெண்ணைக் காப்பாற்றின மெக்கானிக் அல்லவா. ஆனால் அடியில் படுத்தால் கன்னத்தில் ஆயில் சொட்டுகிற மாதிரியே இருக்கும், எழுந்து ஓடிவந்துவிடுவேன். ஒரு வருஷத்தில் ஷெட்டை மூடிவிட்டு மிளகுக்கு வந்தேன். மிளகுக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு நாள் மேரி கடைக்கு வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கூட வந்த வீட்டுக்காரர், நீங்கதானுங்களே அவரு என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மேரி மிளகைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை எடுக்கப் போன இடைவெளியில், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன். அம்மணி, அன்றைக்கு வண்டியைப் பார்த்தது பிரகாசம் இல்லை என்று தொடங்கினேன்.

அவள் மிளகை மறுபடி சாக்கில் கொட்டினாள். “தெரியுமுங்ணா. நீங்கதானே எங்க வாசல்ல குந்திப் பாத்தீங்க. சாவியே எங்கிட்டத்தானே குடுத்தீங்க,” என்றாள். சாக்கின் வாயை மடித்துவிட்டு, “பஸ் கெளம்பற வரைக்கும் நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேனுங்ணா. நானும் வாயத் தெறக்கலை. கல்யாணப் பொண்ணு பஸ்ஸுல எந்திரிச்சுப் பேசுனா நல்லாருக்காதுன்னு உக்காந்துட்டேன்,” என்றாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்து நான் இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்ததை இவள் முழுசாகத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். அப்படியானால் ஸ்டீபன் சட்டையைப் பிடித்த அந்த நேரத்தில் பேசியிருக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். பிரகாசம் என்னை மட்டும்தான் பார்த்தான். பிரகாசம் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று மேரி கேட்டாள். தெரியாது என்றேன். வெளியே ஹாரன் அடித்தது. மிளகு வாங்காமலே போய்விட்டாள்.

நேற்று அந்தக் கார் போன பிறகு கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். பரோட்டாக் கடை இல்லை. ரைட்டர் வீட்டை இடித்துவிட்டார்கள். எங்கள் ஷெட் இருந்த இடத்தில் ஒரு பெரிய விடுதி, வாசலில் கற்கள் பதித்து, செடி வைத்து, அழகாகத்தான் இருக்கிறது. எந்த மூலையில் அவன் சாக்கை விரிப்பான் என்று கண்ணால் தேடிக்கொண்டு நின்றேன். கீழ் ஊரிலிருந்து வந்த வாட்ச்மேன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பிரகாசம் என்று வாயில் வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவன் இருந்த இடத்திலேயே நின்று சொல்கிறேன். அவர் ரூம் எடுத்தவர்கள் பெயர் எழுதின நோட்டை எடுத்து விரலை ஓட்டிப் பொறுமையாகப் பார்த்தார்.

“அப்படி யாரும் இல்லீங்களே. எந்த ரூம்னு சொன்னாருங்க?”